சீட்டெடுக்க வராத ரைட் அவுட்

மீன் எண்ணெய் தடவிய தோல் பந்துக்கு ஒரு நாற்றம் உண்டு. பசியாவரத்தில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் அதுதான் முதலில் மூக்கைத் தொடும். தோல் வெடிக்காமல் இருக்க நைனா வாரம் தவறாமல் தடவுவார். குழம்புக்கு எண்ணெய் இல்லாத நாளிலும் பந்துக்கு இருக்கும் என்று அம்மா முனகுவாள். படகேறி, பஸ் பிடித்து, மெட்ராஸ் போய்ப் பெரிய குழுவில் கால்பந்து ஆடிய முதல் ஆள் எங்கள் தீவில் அவர்தான். வலது ஓரத்தில் ஓடுகிற ஆட்டக்காரர் என்பதால் ஊரே 'ரைட் அவுட்' என்று கூப்பிடும். சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது.

தீவைச் சுற்றியுள்ள ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடுவது என்பதை எங்கள் ஊரில் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். அந்த முறைக்குப் 'பாடு' என்று பெயர். குலுக்கும் நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும். வராதவன் பெயரை அடித்துவிடுவார்கள்; அதன்பின் அவனுக்கும் அவன் மகனுக்கும் ஏரியில் பங்கு கிடையாது. எனக்கு ஒன்பது வயதான வருஷம், குலுக்கலும் மெட்ராஸில் இறுதி ஆட்டமும் ஒரே நாளில் வந்து தொலைத்தன. "ரைட் அவுட் இல்லாம குலுக்கிடுவாங்களா? எனக்காகக் காத்திருப்பாங்க" என்று நைனா கிளம்பிவிட்டார். ஊர் தன்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியதை அவர் அப்படியே நம்பியிருந்தார், பாவம்.

அம்மா நம்பவில்லை. குலுக்கல் நடக்கும் கோயில் வாசலுக்கு என்னை விரட்டினாள். "நைனாவுக்குப் பதிலா நான் எடுக்கறேன்" என்றேன். கூட்டம் சிரித்தது. ஊர்ப் பெரியவர் மட்டும் சிரிக்காமல், "பொம்பளப் புள்ள சீட்டத் தொடக்கூடாதும்மா. உங்க நைனாவுக்கு ஏரி இன்னாத்துக்கு? அதான் பந்து கீதே" என்று நைனா பெயரை அடித்தார்.

மறுநாள் ஜெயித்த மாலையோடு படகிலிருந்து இறங்கிய நைனாவை யாரும் திட்டவில்லை, முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. இரண்டே வருஷத்தில் முட்டி போனது, ஆட்டமும் போனது. அதன்பின் சாகும்வரை, வலை போடப் பாடு இல்லாமல், இடுப்பளவுத் தண்ணீரில் சேற்றைத் தடவிக் கையால் இறால் பிடித்தார். தம்பி காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். அந்த ஒரு நாள் மட்டும் நைனா போகாமல் இருந்திருக்கலாமே என்று எனக்கு இன்றும் ஆத்திரம் வரும்.

போன மாதம் அவர் நினைவு நாளில், முகத்துவாரத்துப் பக்கம் இருக்கும் இடுகாட்டுக்குப் போய், வழக்கமான மேட்டில் பால் ஊற்றினேன். பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவன் எழுந்து வந்தான்.

"அக்கா, அது வேற ஆளு. பழைய வரிசையெல்லாம் போன புயல்லயே ஏரித் தண்ணி அடிச்சினு போயிடுச்சு. உங்க நைனா யாரு?"

"ரைட் அவுட்" என்றேன்.

"அப்டின்னா இன்னாக்கா?"

சொம்பில் மீதமிருந்த பாலைக் கரையில் குனிந்து ஏரியில் ஊற்றினேன். உனக்குப் பங்கு இல்லை என்று ஊர் விலக்கிய தண்ணீரில்தான் இப்போது நைனா கிடக்கிறார்.