முதுகு காட்டிய கல்யாணம்

பினாங்கு மாதா கோவில் வாசலில் கல்யாணக் கூட்டம். வெயில் எட்டிப் பார்ப்பதும் மேகத்துக்குள் ஒளிவதுமாக என்னைப் படுத்துகிறது. பிலிமில் மிச்சமிருப்பது ஒரே படம். போட்டோப் பெட்டியை நான் தூக்கினாலே அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைக்கிறார்கள்.

"என்னைப் பாக்காம, சும்மா பேசிக்கிட்டு இருந்தாப் போதும் அண்ணே" என்று பெண்ணின் தாய்மாமனிடம் கெஞ்சுகிறேன்.

"அவ்வளவுதானே லா!" என்றவர், கூட்டத்தைப் பார்த்து முழங்குகிறார்: "யாரும் பெட்டியப் பாக்கக் கூடாது!"

பளீரென்று வெயில் அடிக்கிறது. பெண், மாப்பிள்ளை, பாதிரியார், தெருவில் நிற்கும் ரிக்‌ஷாக்காரர் வரை சட்டென்று எனக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறார்கள். அடுத்த மேகம் வருவதற்குள் பதறி அழுத்திவிடுகிறேன்.

படத்தில் விழுந்த ஒரே முகம் தாய்மாமனுடையது. நெஞ்சை நிமிர்த்தி, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்.

"பாத்தீங்களா தம்பி, ஒருத்தர்கூடப் பாக்கல!"