கணுக்காலில் கட்டிய பட்டை

மடிப்பு என்று சொன்னால்தான் அந்தச் சலவைக்கூடத்தில் அவரைத் தெரியும். அவர் தேய்த்த கால்சட்டையின் மடிப்பு அவ்வளவு லேசில் கலையாது. பொழுதுக்கும் நின்றபடி இஸ்திரி போடும் வேலை, நின்றால்தான் சோறு. எதிரே நின்று விரிப்புகளை மடித்து அடுக்குகிறவள் அவர் மனைவி. வீட்டிலும் இவள், வேலையிலும் இவள், சலிக்கவில்லையா என்று யாராவது சீண்டினால், "விரிப்பப் பாக்கவே நேரம் பத்தல, இவள எங்க பாத்தேன்" என்பார். கொழுப்புப் பிடித்த மனுஷன்.

கொஞ்ச காலமாக நாலு எட்டு நடந்தாலே கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. நின்றால் விட்டுவிடும். வேலைக்கு வரும் வழியில் கடைக்குக் கடை நின்று, வாங்கவே போகாத சாமான்களுக்கெல்லாம் விலை கேட்பார். வயசாகிறது என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். சிகரெட்டை மட்டும் விடவில்லை. எப்போதாவது டாக்டரிடம் போனால் கையில் பட்டை கட்டிப் பார்த்து, பிரஷர் பரவாயில்லை என்பார்கள். அது போதாதா அவருக்கு? காலைப் பற்றி வாயே திறக்கமாட்டார்.

அப்புறம் வலது பாதம் எந்நேரமும் ஜில்லென்று கிடக்க ஆரம்பித்தது. மனைவிக்கு மனசு கேட்கவில்லை. சலவைக்கூடத்தில் இருப்பவளுக்குச் சூட்டுக்கா பஞ்சம்? வேலை முடிந்ததும் ஒரு துண்டை நாலாக மடித்து, சுடச்சுடத் தேய்த்துப் பாதத்தில் சுற்றுவாள்.

"சுடுதாங்க?"

"இன்னுங் கொஞ்சம் சூடா வை."

சூடு உறைக்காத கால் அது என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. ஒருநாள் துண்டைப் பிரித்தால் பெருவிரல் கொப்பளித்திருந்தது. கொப்புளம் புண்ணாகி, புண் கறுத்தது. களிம்பு தடவியே நாளைக் கடத்தினார்கள்.

கடைசியில் ஆஸ்பத்திரி. நர்ஸ் அவரைப் படுக்கவைத்து, இரண்டு கையிலும் பட்டை கட்டி அளந்துவிட்டு, கணுக்காலிலும் கட்டினாள்.

"கையில கட்டுறத கால்ல கட்டுறீங்களேம்மா?" என்றாள் மனைவி.

"கால்ல இருக்கற அழுத்தம் கையில இருக்கறதுக்குச் சமமா வரணும்மா. ரொம்பக் குறைஞ்சா, வழியில ரத்தக்குழாய் அடைச்சிருக்குன்னு அர்த்தம்."

பசை தடவி, பேனா மாதிரி ஒரு கருவியை வைத்து ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்டாள். கையில் திடுதிடுவென்று ஓடிய சத்தம், வலது கணுக்காலில் தேடித் தேடித்தான் கிடைத்தது. அழுத்தமும் கையில் இருந்ததில் பாதிகூட இல்லை. இடது காலையும் அளந்து எழுதிக்கொண்டாள்.

ஸ்கேனையும் பார்த்துவிட்டு டாக்டர் கையை விரித்தார். வலது காலில் தொடையிலிருந்து பாதம் வரை அடைப்பு. அடைப்பைத் திறக்கவும் வழியில்லை, ரத்தத்தை வேறு குழாயில் திருப்பிவிடவும் வழியில்லை. முழங்காலுக்கு மேலே காலை எடுத்தாக வேண்டும்.

"இந்தப் புண் எப்படி வந்தது?"

"இஸ்திரிப் பொட்டி கைதவறி விழுந்துருச்சு சார்" என்றார் அவர், கொஞ்சமும் யோசிக்காமல்.

"இல்ல சார். நான்தான் சூடு வச்சேன்."

டாக்டர் அவளைப் பார்த்தார். "அடைப்பு முன்னாடியே இருந்ததும்மா. ஆனா புண் வராம இருந்திருந்தா, இன்னும் கொஞ்ச காலம் ஓட்டியிருக்கலாம்."

பொய் சொல்லியிருக்கலாம் அந்த டாக்டர். ஒரு பொய்யில் என்ன குறைந்துவிடும்? அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி விடுங்க. இடது கால் இருக்குல்ல?" என்றார் அவர். "மேசையில சாஞ்சு நின்னு தேய்ச்சுக்குவேன்."

"அதுலயும் கையில இருக்கற அழுத்தத்துல பாதிதான் வருது. இப்போதைக்குத் தாங்கும். அத நம்பி நாள் பூரா நிக்கறதெல்லாம் இனி ஆகாது. அதுல ஒரு புண்ணு வந்தா அதுக்கும் இதே கதிதான்."

அவர் படுத்தபடியே தன் இரண்டு பாதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்படின்னா ரெண்டையும் ஒரே தடவையா எடுத்துருங்க சார். இவளுக்கு அலைச்சல் மிச்சம்."

வழக்கமான கிண்டல் என்று நினைத்து டாக்டர் லேசாகச் சிரித்தார். இத்தனை வருஷம் எதிரே நின்றவளுக்குத் தெரியும், அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.