மாவுக்கும் வேம்புக்கும் நடுவுல

நர்சரி வெச்சிருக்கிற சக பாவிகளே, நம்மகிட்ட வர்றவங்க யாரும் செடி வேணும்னு வர்றதில்ல. பக்கத்து வீட்டுக்காரரை மறைக்கணும்னுதான் வர்றாங்க. பருத்திப்பட்டு ஏரிக்குப் போற ரோட்டுல கடை போட்டிருக்கிற என் உசிரை வாங்கின ஒரு இடைவெளியோட கதை இது.

கேட்ட மரம்

திருநின்றவூர்ல வீட்டுலயே டியூஷன் எடுக்கிற ஜெயந்தி டீச்சர் வந்தாங்க. மதிலோரமா பெரிய மாமரம் ஒண்ணு, வேப்பமரம் ஒண்ணு. நடுவுல நின்ன முருங்கை காத்துல சாஞ்சிடுச்சு. அந்த ஓட்டை வழியா, பக்கத்து வீட்டு டில்லிபாபு மாடியில பனியனோட தண்டால் எடுக்கிறது டீச்சரோட சமையலறைக்கு நேரா தெரியுது. காலையில நிம்மதியா தோசை ஊத்த முடியலையாம். வருஷம் பூரா பச்சையா இருக்கணும், இலை உதிரக் கூடாது, வேர் தண்ணித் தொட்டிப் பக்கம் போகக் கூடாதுன்னாங்க. எவ்வளவு உயரம் வேணும்னு கேட்டேன்.

"டில்லிபாபு தலை வரைக்கும் வளந்ததும் அதுவா நின்னுடணும்."

மரமா நின்னவர்

இடத்தைப் பாக்காம மரம் குடுத்தா பழி நம்ம மேலதான். வெள்ளிக்கிழமை காலையில நேர்ல போனேன். ரெண்டு பெரிய மரத்துக்கு நடுவுல நல்ல நிழல். மறைப்புக்குன்னு எல்லாரும் வாங்குற நெட்டிலிங்க மரத்தை அங்க வெச்சா வெயிலைத் தேடி ஒட்டடைக்குச்சி மாதிரி ஓடும், ஒண்ணையும் மறைக்காது.

எவ்வளவு அகலம் மறைக்கணும்னு டீச்சருக்கே தெரியல. பேங்குக்குக் கிளம்பி நின்ன தன் வீட்டுக்காரரை ஸ்டூல் மேல ஏத்தி, கையில குடையை விரிச்சுக் குடுத்துட்டு, சமையலறையிலேருந்து இடது பக்கம், இன்னும் மேலன்னு ஆர்டர் போட்டாங்க. எதிர்ல டில்லிபாபு தண்டாலை நிறுத்திட்டு முறைச்சுப் பாக்குறார். என்னால சிரிப்பை அடக்க முடியல. அந்த மனுஷன் குடையை இறக்காமலே என்னைக் கேட்டார்.

"இந்த உயரத்துக்குச் செடி ரெடியா இருக்கா, இல்ல தினம் நானே நிக்கணுமா?"

ஞாயித்துக்கிழமை கெடு

அவர் பேங்குக்குப் போனதும் டில்லிபாபு மதில் பக்கம் வந்தார். ரெண்டு மரத்து இலையும் அவர் கார் மேலதான் விழுதாம். ஞாயித்துக்கிழமை ஆள் வெச்சு, அவர் பக்கம் நீட்டின கிளை மொத்தத்தையும் வெட்டப் போறேன்னுட்டுப் போயிட்டார். டீச்சர் முகம் செத்துப் போச்சு. வீடு கட்டுறப்போ அந்த மாமரத்தை வெட்ட மனசு வராம பெட்ரூமையே சின்னதாக்கினவங்க. ஒரு பக்கம் மொட்டையடிச்சா மரமே சாஞ்சிடும்னு அழுதுட்டாங்க.

இடைவெளிக்கு மகிழம் வைக்கலாம்னேன். நிழல்லயும் வளரும், நல்ல அடர்த்தி, எப்பவும் பச்சை. ஆனா உள்ளதையும் சொல்லிட்டேன்: எவர்கிரீன் மரமும் இலை உதிர்க்கத்தான் செய்யும், ஒரேயடியா கொட்டாது, அவ்வளவுதான், மகிழம்னா பூவும் கொட்டும். டீச்சர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு யோசிச்சாங்க.

"பூ விழுந்தா பரவாயில்ல, டில்லிபாபு சாமிக்குன்னு பொறுக்கிக்குவார். இலைக்குத்தான் என்ன சொல்றதுன்னு தெரியல."

சனிக்கிழமை வந்தவர்

மறுநாள் டில்லிபாபுவே என் கடையில நிக்கிறார். போச்சுடா, சண்டைக்குத்தான் வந்திருக்கார்னு நினைச்சேன். மனுஷன் கிட்ட வந்து குரலை இறக்கினார். தண்டால் எடுக்கிறப்போ பக்கத்து வீட்டம்மா கரண்டியும் கையுமா முறைக்கிறாங்களாம், கூச்சத்துல எண்ணிக்கையே விட்டுப் போவுதாம். நேத்து அவங்க வீட்டுக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி, குடையால முகத்தை மறைச்சுக்கிட்டு எட்டிப் பாத்தாராம். அந்த ஓட்டையை அடைக்கிற மாதிரி ஒரு மரம் வேணுமாம். ஆனா இலை அவங்க பக்கம் விழக் கூடாது, டீச்சர் சண்டைக்கு வந்துடுவாங்களாம்.

நான் ஒண்ணுதான் சொன்னேன். இப்ப இருக்கிறது ஜன்னல் அளவு ஓட்டை. நாளைக்கு மாங்கிளையையும் வேப்பங்கிளையையும் வெட்டிட்டா, உங்க மொத்த மாடியும் டியூஷனுக்கு வர்ற பிள்ளைங்களுக்குக் கூடத் தெரியும். டில்லிபாபு அங்கேயே செல்லை எடுத்து, மரம் வெட்டுற ஆளுக்குப் போன் போட்டார்.

"நாளிக்கி வராத நைனா, எங்க ஊட்டு மானமே அந்த மாமரத்துலதான் கீது."

ரெண்டு மரமும் தப்பிச்சுது, நடுவுல மகிழமும் வந்தாச்சு; மரத்தைக் காப்பாத்த நிழல், காத்து, மழைன்னு இத்தனை நாள் வாய் வலிக்கப் பேசின நான், இப்பல்லாம் நேரா கூச்சத்தைப் பத்தித்தான் பேச ஆரம்பிக்கிறேன்.