அத்தானின் உடற்பயிற்சியை அக்கா செய்தாள்

என் அக்கா புனிதாவின் கணவர் கார்த்திகேசு நல்ல உயரம். போர்ட் கிள்ளானில் ஒரு கொண்டெய்னர் கிடங்கில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே லோரிக்காரர்கள் வாயிலிருக்கும் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிடுவார்கள் என்று சொல்வார்கள். வீட்டிலும் அதே அதிகாரம்தான். ஒரே மகள் ரஞ்சனி முன்னால் மட்டும் அந்த அதிகாரம் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடும். அவள் ஒரு தும்மல் போட்டால் இவர் கஷாயம் வைக்கச் சொல்லி அக்காவை விரட்டுவார்.

அந்த ரஞ்சனிக்குத் தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்து, கிள்ளானிலேயே மண்டபமும் பிடித்தாயிற்று. எல்லாம் பேசி முடித்த சில நாளில் அத்தானுக்கு ஸ்ட்ரோக் வந்தது. காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் நழுவியது. அதை எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பேச்சு திரும்பிவிட்டது. கால் இழுத்தாலும் நடை வந்தது. வலது கைதான் வரவில்லை. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் போல அது அவர் மடியிலேயே கிடந்தது.

அத்தானுக்கு அந்தக் கையைப் பற்றித்தான் கவலை. தாரை வார்க்கும்போது மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைப்பது அப்பாவின் வலது கை அல்லவா? அதன் மேல்தான் அம்மா தண்ணீர் வார்க்க வேண்டும்.

"அந்த ஒரு வேலைக்காவது இந்தக் கை எனக்கு வேணும், இந்திரா. மத்ததெல்லாம் போனா போகட்டும்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி என்னிடம் சொன்னார். மச்சினி என்று என்னைக் கிண்டல் செய்திருக்கிறாரே ஒழிய, அதுவரை என்னிடம் எதற்கும் மனம் விட்டுப் பேசியதில்லை.

கிள்ளானில் ஒரு பழைய பங்களாவில் ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான்தான் என் மைவி காரில் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். வகுப்பை நடத்துகிறவன் கிஷன் என்ற பிசியோ. சின்னப் பையன் மாதிரி இருந்தாலும் கண்டிப்பான ஆள்.

"மொத சில மாசந்தான் தங்கம் மாதிரி, அங்கிள். மூளை அப்பத்தான் டக்குன்னு கத்துக்கும். அப்புறமும் வரும், ஆனா ரொம்ப ஸ்லோ லா" என்றான். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "ஆன்டி, நீங்க வெளிய. கூட வந்தவங்க யாரும் உள்ள வரக்கூடாது. இங்க ரூல்ஸ் அது" என்றான்.

அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. தாலி கட்டியவரைத் தனியாக விட்டுவிட்டு வராந்தாவில் உட்காருவதா? ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே பத்துப் பதினைந்து பேர். சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒரு பந்தைக் கை மாற்றிக் கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நழுவ விட்டால் கேலி, பிடித்தால் கைதட்டல்.

அங்கே ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தார். கன்னையா என்று பெயர். பக்கத்து ஊர்க் காப்பாரிலிருந்து மருமகள் காரில் கொண்டுவந்து இறக்குவாளாம். வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் ஒழுகுவதைத் துண்டால் துடைத்துக்கொண்டே பேசுவார். ஆனால் பேச்சை நிறுத்த மாட்டார். அத்தானைக் கண்டதும் இடது கையால் சல்யூட் அடித்து, "பாஸ், நீங்களுமா?" என்றார். அத்தான் வேலை பார்த்த கிடங்குக்கு லோரி ஓட்டியவர். அத்தானிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாளே கிடையாதாம். அதையும் எல்லோருக்கும் கேட்கும்படி பெருமையாகச் சொன்னார்.

பயிற்சி முடிந்ததும் சாப்பாடு. அதுவும் பயிற்சிதான். விழுந்த கை எதுவோ அந்தக் கையால்தான் சாப்பிட வேண்டும். கைப்பிடி தடித்த கரண்டி கொடுப்பார்கள். கையால் பிசைகிறவர்கள் பிசையலாம். சிந்தலாம், கொட்டலாம், ஊட்ட மட்டும் ஆள் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்தே அத்தானுக்கு அக்காதான் ஊட்டிக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஒருமுறை இடது கையால் சாப்பிடச் சொன்னதற்கு, "பீச்சாங்கையால சோறு திங்கச் சொல்றியாம்மா?" என்று அந்தப் பெண்ணை முறைத்தவர் அவர்.

அன்று அவர் கரண்டியைத் தூக்க எவ்வளவு பாடுபட்டார் என்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். பாதி தூரம் வந்தது. பிறகு கை மடங்கி, சாம்பார் சோறு மொத்தமும் அவருடைய வெள்ளைச் சட்டையில் கொட்டியது.

"பரவால்ல பாஸ். போன வாரம் நான் மூக்குக்குச் சோறு ஊட்டுனேன்" என்றார் கன்னையா. எல்லோரும் சிரித்தார்கள். கன்னையாவைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். ஆனால் சட்டையில் சோற்றோடு உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு அந்த மனிதர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, தன் துண்டால் அத்தானின் சட்டையைத் துடைத்துவிட்டார். அக்கா ஜன்னலிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

வீட்டு வாசலில் இறங்கும்போது அத்தான், "இனிமே வீட்டிலயே செஞ்சுக்கலாம்" என்றார். அக்கா உடனே, "ஆமாங்க, இப்ப எல்லாமே யூடியூப்ல வருதே" என்றாள். அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான் வாரந்தவறாமல் டேவானில், அதுதான் ஊர்ப் பொது மண்டபத்தில், ஜும்பா ஆடப் போகிறவள். கோவிட் நேரத்தில் அதே டீச்சர் ஃபோனில் வகுப்பு எடுத்தாள். கேமராவை மூடிவிட்டுச் சோபாவில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டே அதைப் பார்த்தேன். வீட்டில் பாய் விரித்தால் எனக்குத் தூக்கம்தான் வரும். டேவானில் பக்கத்தில் நிற்கிற பெண் என்னைவிட மேலே கால் தூக்கினால்தான் ரோஷம் வரும். இதை அத்தானிடம் சொன்னேன்.

"உனக்கு ஆள் பாத்தா ரோஷம் வருது, எனக்கு உசுரு போவுது" என்றார்.

ரஞ்சனி கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். சனி ஞாயிறு வந்தால் அப்பாவுக்கு ஏதாவது வாங்கி வராமல் இருக்க மாட்டாள். ரப்பர் பந்து, பெடல் மிஷின், கையில் மாட்டுகிற என்னென்னவோ. கூடம் முழுக்கச் சாமான்கள் நிறைந்தன. டிவியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்தபடி பந்தை அமுக்கச் சொல்வாள். அத்தான் சோபாவில் இருப்பார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய விரல்களுக்கு மேல் தன் விரல்களை வைத்து அமுக்குவாள். கையைத் தூக்கச் சொன்னால் அக்கா தூக்குவாள். மடக்கச் சொன்னால் அக்கா மடக்குவாள். உடற்பயிற்சி செய்தது அக்கா. அத்தான் அதற்குக் கையைக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான்.

"அவரே செய்யட்டும் விடுக்கா" என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன்.

"அவரு நெத்தில வேர்வையப் பாரு இந்திரா. பாவமா இல்ல?"

"வேர்க்கத்தானே எக்சசைஸ் செய்யுறது?"

நான் ஏதோ சாபம் கொடுத்துவிட்டது போல அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சோறு பிசைந்து வந்து ஊட்டினாள். ஒரு பருக்கை சட்டையில் விழாது. அவ்வளவு பதமாக ஊட்டுவாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவது அங்கே என் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

இதற்கிடையில் கிஷன் எனக்கு ஃபோன் செய்தான். "அங்கிள் ஏன் வரல ஆன்டி?" என்று கேட்டுவிட்டு, "ஒரு நிமிஷம், கன்னையா அங்கிள் பேசணுமாம்" என்று கொடுத்தான்.

"பாஸ் என்னாலதான் வரலன்னு நெனைக்கிறேன்மா. நான் வேணும்னா நாள மாத்திக்கிறேன். அவரு வர்ற நாள்ல நான் வரல. சொல்லிடுங்க" என்றார். வாய் குழறியதில் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் நின்று நின்று மூச்சு வாங்கினார்.

இதைக் கேட்டாவது அத்தான் இறங்கி வருவார் என்று நினைத்தேன். அப்படியே போய்ச் சொன்னேன். அத்தானின் முகம் சிவந்துவிட்டது.

"கன்னையா எனக்கு விட்டுக் குடுக்குறானா?"

அத்தோடு அந்தப் பங்களாவின் பெயரை எடுக்க யாருக்கும் வாய் வரவில்லை.

மாதங்கள் போயின. தீபாவளிக்குப் போயிருந்தபோது அத்தான் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அக்கா வழக்கம்போல் அவர் விரல்களின் மேல் விரல் வைத்துப் பந்தை அமுக்கினாள்.

"பாத்தியா, அமுங்குது. முன்னேத்தம் தெரியுதுல்ல?" என்றார் அத்தான். முகத்தில் அப்படி ஒரு ஆசை.

"அது அக்கா கை அத்தான்" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது என்பார்கள். யாராவது ஒருத்தி சொல்லத்தானே வேண்டும்? பந்து உருண்டு சோபாவுக்கு அடியில் போனது. "அவளப் போகச் சொல்லு புனிதா" என்றார். முறுக்குத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். கல்யாணப் பத்திரிகை வைக்க ரஞ்சனி வரும்வரை அந்த வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை.

தை பிறந்தது. கல்யாணமும் வந்தது. கை மடியிலேயே கிடந்தது.

"ஐயா, உங்க கைய அம்மா ஒரு கையால கீழே தாங்கிக்கட்டும். தொட்டா போதும். சாஸ்திரத்துக்கு அது போதும்" என்று குருக்கள் பக்குவமாகச் சொன்னார். ரஞ்சனி கூறைச் சேலையோடு வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க தொட்டாலே எனக்குப் போதும்ப்பா."

"மேடையில என் கை தொங்குறத ஊரே பாக்கணுமா? சித்தப்பா செய்வான், போ" என்றார். அவள் கெஞ்சினாள். கண்மை கரைந்துவிடும் என்று அலங்காரம் செய்த பெண் பதறினாள். அவர் மகளின் முகத்தைப் பார்க்காமல் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக, அத்தானின் தம்பி ரஞ்சனியின் கையைப் பிடித்துக் கொடுக்க, அவர் மனைவி செம்பிலிருந்து தண்ணீர் வார்த்தாள். அக்கா மேடைக்குக் கீழே என் பக்கத்தில் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு நின்றாள். புருஷன் ஏறாத மேடையில் அவளுக்கு ஏது இடம்? தண்ணீர் விழுந்தபோது அக்காவின் கை செம்பைப் பிடித்தது போலத் தானாகச் சாய்ந்ததைப் பார்த்தேன். வெறுங்கை. அவளைத் திட்டுவதற்காக இத்தனை மாதம் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எனக்குள் அப்படியே கரைந்துபோனது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது.

ஊர் பார்க்க ஊட்டவிட மாட்டார் என்பதால், அத்தானுக்குப் பந்தி நடக்கும் இடத்தை ஒட்டியிருந்த சின்ன அறையில் சாப்பாடு எடுத்துப்போனோம். கதவை முழுதாகச் சாத்த முடியவில்லை. வெளியே நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அக்கா இலையில் சாம்பார் ஊற்றிப் பிசைந்தாள்.

கதவு இடுக்கில் அத்தான் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். எதிர் வரிசையில் கன்னையா உட்கார்ந்திருந்தார். பழைய கிடங்கு ஆட்களோடு வந்திருக்கிறார். சக்கர நாற்காலியைக் காணோம், மேசையில் ஒரு கைத்தடி சாய்ந்திருந்தது. அவர் வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விரல்கள் சரியாக மடங்கவில்லை. சோற்றை இலையோரம் வரை தள்ளித் தள்ளித்தான் சேர்த்தார். கை பாதி தூரம் வந்ததும் தலை குனிந்து வாயால் போய் வாங்கிக்கொண்டார். வேட்டியெல்லாம் ரசம். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு மறுபடியும் சோற்றைச் சேர்த்தார்.

அத்தான் வெகுநேரம் பார்த்தார்.

"அவன் வகுப்புக்கு வீல்சேர்லதானே வந்தான்?" என்றார்.

அக்கா உருட்டிய கவளத்தையே மறுபடியும் உருட்டினாள்.

"அவருக்கு லேசா வந்ததுதாங்க. உங்களுக்குத்தான் பெருசா வந்துச்சு. டாக்டரே என்கிட்ட சொன்னாரு" என்றாள்.

டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. டாக்டர் பேசியபோதெல்லாம் நான் அவள் பக்கத்திலேயே நின்றவள். என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அத்தான் என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். அவள் பொய் சொன்னால் அவருக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவர்.

"அப்படியா" என்றார்.

அக்கா கவளத்தை நீட்டியபடி காத்திருந்தாள். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.