அப்பாவின் இடது கண்

எஃகு அளவுகோலை விளக்கடியில் பிடித்துக்கொண்டு, "பாப்பா, இது வளைஞ்சிருக்குதா பாரு" என்று அப்பா கேட்டதுதான் தொடக்கம். அளவுகோல் நேராகத்தான் இருந்தது. அவருடைய வலது கண்ணுக்கு மட்டும் நடுவில் நெளிந்து தெரிந்தது. ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியொன்றில் அவர் தரம் பார்ப்பவர். மயிரிழைக் கீறலையும் தப்பவிடாதவர் என்று பெயரெடுத்திருந்தார்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கேட்டார். ஏற்றுமதிச் சரக்கு போகட்டும் என்று மேனேஜர் மறுத்தார். அடுத்த வாரமும் மறுத்தார். மூன்றாவது முறை கேட்டபோது, எல்லோர் முன்னாலும், "குருடனுக்கு எதுக்குய்யா இன்ஸ்பெக்‌ஷன்? போய் பேக்கிங்ல அட்டைப்பெட்டி மடி" என்றார். வேலை போனால் என் படிப்பு நின்றுவிடும் என்று அப்பா பெட்டி மடித்தார்.

பெங்களூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இரண்டு மாதமாயிற்று. விழித்திரையின் நடுப்பகுதி வயதால் சிதைகிற நோய். உள்ளே ரத்தம் கசிந்து தழும்பாகிவிட்டது. "முன்னாடியே வந்திருந்தா ஊசி போட்டு நிறுத்தப் பாத்திருக்கலாம். இனி இடது கண்ணைக் காப்பாத்திக்குங்க" என்றார் டாக்டர்.

திரும்பும் பேருந்து அத்திப்பள்ளியைத் தாண்டியது. அப்பா, "அந்த மேனேஜர் ரிட்டயராவ இன்னும் மூணு வருசம் இருக்குது. அது வரைக்கும் இந்தக் கண்ணு எனக்கு வேணும்" என்றார்.

"எதுக்குப்பா?"

"எதிர நின்னு அவன் மூஞ்சியப் பாக்கணும்."

புகை கண்ணைக் கெடுக்கும் என்று டாக்டர் சொன்னதால் பீடி அன்றோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் கொடுத்த கட்டம்போட்ட அட்டையைச் சுவரில் ஒட்டி, அதைத் தினமும் காலையில் வலது கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். ஒருநாள் இடது கண்ணுக்கும் கோடு நெளிந்தது. யாரிடமும் லீவு கேட்காமல் பெங்களூருக்கு முதல் பேருந்தைப் பிடித்தார். அதன்பின் மாதாமாதம் கண்ணுக்குள்ளேயே ஊசி. பயமாக இல்லையா என்று கேட்டேன். "அவன நெனச்சுக்குவேன். கண்ணு சிமிட்டவே தோணாது" என்றார்.

மேனேஜர் ஓய்வுபெற்ற அன்று நானும் அப்பாவுடன் கம்பெனி வாசலுக்குப் போனேன். மாலையோடு வந்த மனிதர் அப்பாவைப் பார்த்து நின்று, "நீயா? கண்ணு எப்படி இருக்குது?" என்று சிரித்தார். அப்பா அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சநேரம் பார்த்தார். மேனேஜரின் சிரிப்பு மெல்ல நின்றது. அப்பா திரும்பி நடந்தார்.

"இதுக்கா மூணு வருசம்? நாலு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்று வழியெல்லாம் பொருமினேன்.

"நல்ல கண்ணால பாத்தேன், கெழவனாயிட்டான். அப்புறம் அவன் கெடுத்த கண்ணால பாத்தேன். மாலை தெரிஞ்சது, சட்டை தெரிஞ்சது. மூஞ்சி இருந்த எடத்துல ஒண்ணுமே இல்ல. அது போதும் பாப்பா."

அவருக்கு அன்றோடு முடிந்துவிட்டது. இடது கண்ணால் கடைசிவரை பேப்பர் படித்தார். எனக்குத்தான் இன்னும் முடியவில்லை. கடைவீதியில் அந்த மேனேஜரின் சாயலில் யாராவது எதிரே வந்தால் இன்றும் நின்றுவிடுகிறேன். முகத்தை நன்றாகப் பார்த்த பிறகுதான் கால் நகர்கிறது.