சிந்தசைசருக்கு வைத்த பொட்டு

கோலாலம்பூருக்கு வந்த புதிதில் எனக்கு எரிச்சலூட்டியது ஒரு கேள்வி. தின்பதற்கு எதையாவது கொடுப்பதற்கு முன்னால் இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்த்த கடைக்குப் பக்கத்தில் சாவிக்கடை வைத்திருந்த சீனப் பெரியவர், முதல் நாளே ஆவி பறக்கும் பாவ் என்ற கறி வைத்த பன் ஒன்றை என்னிடம் நீட்டி, பாதியில் கையை நிறுத்திக்கொண்டு, "யூ ஈட் போர்க் ஆ?" என்றார். ஊரில் எவனும் என்னைப் பார்த்து அப்படிக் கேட்டதில்லை. நக்கல் செய்கிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பாவம், ஒன்றும் புரியாமல் உள்ளே போய் ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து வந்தார். அதையும் நான் வாங்கவில்லை. அதன் பிறகும் போகிற இடமெல்லாம் இதே கதைதான்: மாடு சாப்பிடுவீர்களா, முட்டை பரவாயில்லையா, வெள்ளிக்கிழமை சைவமா? ஒரு வாய் சோற்றுக்கு இத்தனை விசாரணையா, இது என்ன போலீஸ் ஸ்டேஷனா என்று ஊர் நண்பர்களுக்கு எழுதிக் கிண்டல் செய்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சந்திரன் அண்ணனின் ரிப்பேர் கடைக்கு டிவியும் ஆம்ப்ளிஃபையரும் பார்க்கத்தான் வந்தேன். அந்த நேரத்தில் இங்குள்ள இசைக்குழுக்கள் புது டிஜிட்டல் கீபோர்டுகளை வாங்கிக்கொண்டு, குமிழும் ஒயருமாக இருந்த பழைய அனலாக் சிந்தசைசர்களை மூலையில் போட்டிருந்தன. எனக்கு அந்தப் பழசின் மேல்தான் பைத்தியம். புதுசைத் திறந்தால் உள்ளே ஒரு சிப்பு உட்கார்ந்திருக்கும், நமக்கு அங்கே வேலையில்லை. பழசில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்; ஒரு ரெசிஸ்டரை மாற்றினால் குரலே மாறும். ஆனால் அதற்கு ஒரு வியாதி உண்டு. சூடு ஏறினால் சுருதி நகர்ந்துவிடும். இந்த நாட்டு வெக்கையில் கேட்கவே வேண்டாம். அதைக் கட்டிப்போட ஒரு வழி கண்டுபிடித்தேன். கூடவே ஒரு குமிழும் சேர்த்தேன். அதைத் திருப்பினால் ஒரு சுரம் அடுத்த சுரத்துக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும், நம் பாட்டுக்கு வேண்டிய மாதிரி. பேச்சு பரவி, கிள்ளானிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் பழைய பெட்டிகள் வர ஆரம்பித்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கிள்ளானில் ஒரு தமிழ் மெதடிஸ்ட் சர்ச்சின் சிந்தசைசரும் அப்படித்தான் வந்தது. அங்கே வாசிப்பவர் கிரேஸ் டீச்சர். ரயில்வேக் குடும்பம், பள்ளிக்கூட ஆசிரியை, ஐம்பதைத் தாண்டியவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பெட்டி வேண்டும், கீர்த்தனை பாடும்போது இழுத்து வாசிக்க வரவேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. முன்பலகையில் துளை போட்டு என் குமிழைப் பொருத்தினேன். நான் செய்ததிலேயே அதுதான் நல்ல வேலை. முடித்த நாள் ஆயுத பூஜையாக அமைந்ததில் எனக்குக் கூடுதல் குஷி.

ஈரோட்டில் அப்பாவின் ரேடியோ கடையில் ஆயுத பூஜை என்றால் சந்தனக் கிண்ணம் காலியாகும் வரை பொட்டு வைப்போம். ஸ்குரூடிரைவர், கத்தரி, தராசு, ரிப்பேருக்கு வந்த ரேடியோ எதுவும் தப்பாது. எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருந்த ரஹீம் பாயின் ரேடியோவும் வருடா வருடம் அந்தச் சமயத்தில்தான் படுத்துக்கொள்ளும். அதற்கும் பொட்டு வைப்போம். பாய் வந்து பொரியும் வாங்கிக்கொண்டு, ரேடியோவையும் தூக்கிக்கொண்டு சிரித்தபடி போவார். எங்கள் ஊரில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

சந்திரன் அண்ணன் கடைச் சாமான்களுக்கு மட்டும் பொட்டு வைத்துவிட்டு வங்கிக்குப் போய்விட்டார். நான் விடவில்லை. மிச்சமிருந்த சந்தனம், குங்குமத்தோடு வாடிக்கையாளர்களின் டிவி, ஆம்ப்ளிஃபையர் என்று ஒன்று விடாமல் வைத்தேன். இருப்பதிலேயே பெரிய பொட்டு சர்ச் சிந்தசைசருக்கு, என் குமிழுக்குப் பக்கத்தில். அண்ணன் திரும்பி வந்து பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அலாமாக்! சர்ச் சாமானுக்கா பொட்டு வச்ச? டீச்சர் கார் பார்க் பண்ணிக்கிட்டு இருக்காங்க. இது உங்க ஊர் இல்ல தம்பி, சீக்கிரம் தொடை லா!"

ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனம் போனது, குங்குமத்தின் சிவப்பு போகவில்லை. பெயின்ட் தின்னரை ஊற்றித் தேய்த்தேன். சிவப்பு போனது. கூடவே பலகையில் அச்சிட்டிருந்த வெள்ளை எழுத்துகளும் துணியோடு வந்துவிட்டன. எந்தக் குமிழ் எதற்கு என்று சொல்ல ஒரு எழுத்து மிச்சமில்லை. துணியைக் காலுக்கடியில் போட்டு மிதித்துக்கொண்டு நின்றேன்.

டீச்சர் உள்ளே வந்து பலகையைப் பார்த்தார். "என்னாச்சு தம்பி, எழுத்தையெல்லாம் காணோம்?"

"தின்னர் கொட்டிடுச்சுங்க."

"ஆக்சிடென்ட் லா, டீச்சர்" என்றார் அண்ணன்.

டீச்சர் மேஜையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். டிவிக்குப் பொட்டு, டெலிபோனுக்குப் பொட்டு, கால்குலேட்டருக்கும் பொட்டு.

"எல்லாத்துக்கும் வச்சிருக்கீங்க. எங்க சாமானுக்கு மட்டும் வைக்கலையா?"

அதற்கு மேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "வச்சேன் டீச்சர். நீங்க வரீங்கன்னதும் அழிச்சிட்டேன்."

"வைக்கிறதுக்கு முந்தி ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல? நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அதுல என்ன இருக்கு? வச்சிட்டு மறைச்சிட்டு என் மூஞ்சியப் பார்த்துப் பொய் சொல்றீங்களே, அதுதான் தம்பி எனக்கு கஷ்டமா இருக்கு."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பொட்டை வைத்தபோது அவரை நான் ஒரு ஆளாகவே நினைக்கவில்லை. அழித்தபோதோ சண்டைக்காரியாக நினைத்துவிட்டேன். இதற்கு நடுவில், நேரே நின்று ஒரு வார்த்தை கேட்கக்கூடிய மனுஷியாக அவரை நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்து குமிழ்களின் பெயரைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். பஸ் பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன். சின்னச் சின்னக் காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டினேன். ஆராதனையில் அவர் என் குமிழைத் திருப்பி ஒரு சுரத்தை இழுத்தபோது முன்வரிசைப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவ்வளவு அழகாக வந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் ஒரு பாட்டியம்மா பிரியாணித் தட்டோடு வந்து, "தம்பி, கோழி சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார். சாப்பிடுவேன் என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் விடுமுறையில் ஈரோடு போனபோது ரஹீம் பாயைத் தேடிப் போனேன். பாய்க்கு வயதாகியிருந்தது. வரவேற்று டீ வரவழைத்தார். தயங்கித் தயங்கிக் கேட்டேன், எங்கள் கடையில் அவர் ரேடியோவுக்குப் பொட்டு வைத்தது அவருக்கு எப்படி இருந்தது என்று.

பாய் சிரித்தார். "அத இப்பக் கேக்கறீங்களா தம்பி? தெரு முக்குக் குழாயில துணிய நனைச்சுத் தொடச்சுட்டுத்தானுங்க ஊட்டுக்குள்ள கொண்டு போவேன். உங்கப்பா ஆசையா வெக்கிறாரு, அவரு மனசு நோகக் கூடாதில்லீங்களா?"

அந்தக் குழாயைத் தாண்டித்தான் நான் தினமும் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் ஊரில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்று கோலாலம்பூரில் எத்தனை பேரிடம் பெருமையடித்திருப்பேன்! டீயைக் குடித்து முடிக்கும் வரை பாயின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த வருட ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னதாகவே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் போன் செய்தேன். சிலர் தாராளமாக வையுங்கள் என்றார்கள். சிலர் வேண்டாம் என்றார்கள். கிரேஸ் டீச்சர், "வேணாம் தம்பி, ஆனா கேட்டதுக்கு தேங்க்ஸ்" என்றார். ஒருவர் போனையே எடுக்கவில்லை, அவருடையதையும் விட்டுவிட்டேன். மேஜையில் பொட்டு வைத்தவை ஒரு பக்கம், வைக்காதவை ஒரு பக்கம். பூஜை முடிந்து பார்த்தால் கிண்ணத்தில் பாதிச் சந்தனம் அப்படியே இருந்தது. எங்கள் ஊரில் ஒரு வருடமும் அது மீந்ததே இல்லை.