தறிக்கு அடியில் ஒரு வரி

எங்கள் வீட்டுத் தறியில் புடவையின் நல்ல பக்கம் கீழே இருக்கும். மேலிருந்து பார்த்தால் ஜரிகை இழைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் பின்பக்கம்தான் தெரியும். பூ சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, அடியில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு குனிய வேண்டும். நெசவு தெரியாதவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது. அந்த வருடம் எங்களுக்கு இருந்த ஒரே காவல் அதுதான்.

ஊரே இந்திக்கு எதிராகக் கொதித்துக்கொண்டிருந்தது. ரயில் நிலையப் பலகையில் தார் பூசியிருந்தார்கள். கடைகள் பாதி நாள் பூட்டியே கிடந்தன. அந்த நேரம் பார்த்தா எங்கள் தறியில் ஓர் இந்திக் கவிதை வரி ஏற வேண்டும்?

இங்கே மாற்றலாகி வந்த வங்கி அதிகாரியின் மனைவி, வடக்கத்தி அம்மா, மகளின் கல்யாணப் புடவைக்குச் சொன்னது அது. முந்தானையில் அவரே எழுதிய வரி வர வேண்டும். மகனை ஆற்றில் பறிகொடுத்த பிறகு எழுதினாராம்; கல்யாணத்தில் அவனும் கூட இருப்பது போல இருக்குமாம். என் கல்யாணத்துக்கு முன் நான் இந்திப் பரீட்சைகள் எழுதியிருந்ததால் எனக்கு அது புரிந்தது. போனவனுக்கும் ஒரு தட்டு வை, பசியோடு வந்து உட்காருவது விடியலாகவும் இருக்கலாம் என்பது அதன் பொருள்.

என்ன அழகு, என்ன அழகு என்று சொல்லிச் சொல்லி வீட்டுக்காரரின் உயிரை எடுத்தேன். ஒரு மொழியைத் தலையில் கட்டினால் எனக்கும்தான் கோபம் வரும். அதற்காகப் பிள்ளையை இழந்தவளின் வரியை வெறுக்கச் சொன்னால் முடியுமா?

என் கொழுந்தன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். போராட்டத்தில் முன்வரிசைக்காரன். அவன் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தறியைத் துணி போட்டு மூடிவிடுவோம்.

"இன்னா அண்ணி, தறிக்குக் குளிருதா?" என்று கேலி செய்வான். சிரித்து மழுப்புவேன்.

அந்த வரியை நெய்வதற்காக அட்டையில் துளை அடித்துக் கொடுத்தவர் வாய் சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது. ஒரு பிற்பகல் ஊர்வலம் எங்கள் தெருவில் திரும்பியது. கோஷம் நெருங்கி வந்து, எங்கள் வாசலில் நின்றது.

"இந்திப் புடவை நெய்துக்கினு இருக்கீங்களாமே, எங்கே அது?" என்று கேட்டபடி நாலைந்து பேர் உள்ளே நுழைந்தார்கள். ஒருவன் கையில் கத்தி. தறியை மறைத்து நின்ற வீட்டுக்காரரைத் தள்ளிவிட்டுத் துணியை இழுத்தார்கள். பாவு நூலில் கத்தி பட்டால் எங்கள் பிழைப்பே போச்சு. ஆனால் மேலே கிடந்தது வெறும் ஜரிகைச் சிக்கல்.

"ஏதோ கொடி மாதிரி இருக்குதுபா," என்றான் கத்திக்காரன். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவர்களுக்குப் பின்னால் கொழுந்தன் உள்ளே வந்தான். யாரையும் கேட்கவில்லை. நேரே மாடத்திலிருந்த கண்ணாடியை எடுத்தான், தறிக்குழியில் இறங்கிக் குனிந்தான். அவனும் இந்த வீட்டுப் பிள்ளைதானே.

நான் குழி ஓரத்தில் மண்டியிட்டேன். கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல், எனக்கு மட்டும் கேட்கும்படி, "இதுக்கு இன்னா அர்த்தம் அண்ணி?" என்றான். அவன் காதில் சொன்னேன். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவன் அவன். கண்ணாடியை என் கையில் கொடுத்தான்.

பிறகு எழுந்து, "பூதாம்பா. பூவும் கொடியும். வாங்க போலாம்," என்றான். வாசலில் நின்று திரும்பி, "சோறு எடுத்து வை அண்ணி, வந்துர்றேன்," என்றான்.

சாயங்காலம் கடைத்தெருவில் தடியடி நடந்தது. போலீஸ் லாரியில் அவனையும் ஏற்றியதாகச் சொன்னார்கள். அடுத்து வந்த நாட்களில் மற்ற பையன்கள் ஒவ்வொருவராக வீடு திரும்பினார்கள். அவன் வரவில்லை. அப்படி ஒரு பையனைப் பிடிக்கவே இல்லை என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் எத்தனையோ படிகள் ஏறி இறங்கினார்.

மீதி எழுத்துகளை நாங்கள் இருவரும் நெய்து முடித்தோம். வடக்கத்தி அம்மா முந்தானையை விரித்துப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அந்த எழுத்துகளைப் பார்க்கவே முடியவில்லை. அடுத்தவர் துக்கமாக இருந்தவரை அதை ரசித்தேன்.

அதற்குப் பிறகு அந்த வரியை அழகு என்று நான் சொன்னதில்லை. அவனுக்கும் ஒரு தட்டு மட்டும் வைக்கிறேன்.